4 வயசு, 9 வயசு, 68 வயசு மாமியார்: நாலு நாள் ஊட்டிப் பயணத்தை எப்படிப் போடலாம்?

தாம்பரம்_அம்மா | பிப்ரவரி 26, இரவு 10.15

எல்லாருக்கும் வணக்கம். மே முதல் வாரம் ஊட்டி போகலாம்னு இருக்கோம். நான், வீட்டுக்காரர், பையன் (9), பொண்ணு (4), மாமியார் (68). மாமியாருக்கு ரெண்டு முழங்காலும் வலி, ஏறுறதை விட இறங்குறதுதான் கஷ்டம். சென்னையிலேர்ந்து கிளம்பணும். அங்க நாலு பகல், மூணு ராத்திரி.

போன வருஷம் கொடைக்கானல் போனோம். வேன் பேசி, ரெண்டு நாள்ல பதினோரு இடம். இறங்கு, போட்டோ எடு, ஏறு. மலை ஏறும்போதே பொண்ணு மூணு தடவை வாந்தி. மாமியார் பாதி இடத்துல வண்டியை விட்டே இறங்கலை. லீவு முடிஞ்சு ஸ்கூல்ல 'என் விடுமுறை'ன்னு படம் வரையச் சொன்னாங்க. பையன் வரைஞ்சது டிரைவர் சீட்டோட முதுகை. அதுல தொங்குற வலைப்பை, பைக்குள்ள தண்ணி பாட்டில், மேல டிரைவர் தலையில பாதி. அவ்வளவுதான். மலையும் இல்ல, ஏரியும் இல்ல. டீச்சர் ஸ்டார் போட்டு அனுப்பியிருந்தாங்க, எனக்குத்தான் ராத்திரி தூக்கம் வரலை.

இந்தத் தடவை அப்படி ஆகக் கூடாது. ரயிலா வேனா? ஒரு நாளைக்கு எத்தனை இடம்? வாந்திக்கு என்ன பண்றது? பிள்ளைங்களோட போய்ட்டு வந்தவங்க சொல்லுங்க.

கல்லார்_மகன் | பிப்ரவரி 26, இரவு 11.02

அக்கா, நானு மேட்டுப்பாளையத்துக்காரனுங்க. மே மாசம் எங்கூரு ரோட்டுல நிக்கற வண்டியெல்லாம் வருசா வருசம் பாக்கறனுங்க. சனி ஞாயிறுல மட்டும் மேல ஏறாதீங்க. மலையடிவாரத்துல இருக்கற கல்லாறு தாண்டறதுக்குள்ளயே வண்டிக்குள்ள குழந்தைக அழுக ஆரம்பிச்சிருமுங்க.

சொந்த வண்டியோ வாடகை வண்டியோ, வெளியூரு வண்டின்னா இ-பாஸ் எடுத்தே ஆகோணும். ஐகோர்ட் சொல்லி 2024 மே 7-ல இருந்து வந்ததுங்க, ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும். 2025 கோடையில ஒரு நாளைக்கு இத்தனை வண்டின்னு கணக்கும் வெச்சாங்க: ஊட்டிக்கு வார நாள்ல 6000, சனி ஞாயிறு 8000. ரயில்லயோ அரசு பஸ்லயோ வந்தா பாஸ் வேண்டியதில்லீங்க. மேல போயி நீலகிரி வண்டியே பேசிக்கலாம், அதுக்கும் பாஸ் கேக்க மாட்டாங்க.

சீசன்ல குன்னூர் வழியா ஏறி கோத்தகிரி வழியா இறங்கற மாதிரி ஒரு வழிப் பாதை ஆக்கிருவாங்க. இறங்கற அன்னிக்கு கோத்தகிரியில மத்தியானச் சாப்பாட்ட வெச்சுக்கிட்டீங்கன்னா வளைவுல ஒரே மூச்சா இறங்கித் தலை சுத்தாம பாதியில ஒரு நிப்பாட்டு கிடைக்குமுங்க.

தண்டவாளம் | பிப்ரவரி 27, காலை 6.20

ரயில்வேயில் 34 வருடம் இருந்து ஓய்வு பெற்றவன். என் ஓட்டு ரயிலுக்குத்தான்.

சென்னை சென்ட்ரலில் இரவு 9 மணி வாக்கில் நீலகிரி எக்ஸ்பிரஸ். காலை 6 மணி தாண்டி மேட்டுப்பாளையம். அங்கிருந்து 7.10-க்கு மலை ரயில், நண்பகலுக்கு ஊட்டி. 46 கிலோமீட்டருக்குக் கிட்டத்தட்ட 5 மணி நேரம். 208 வளைவு, 16 சுரங்கம், 250 பாலம். 1899-ல் குன்னூர் வரை ஓடியது, 1908-ல் ஊட்டி வரை நீட்டினார்கள். 2005-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது.

உங்கள் பையனுக்கு 9 வயது என்றீர்கள். அவனிடம் முன்கூட்டியே இதைச் சொல்லி வையுங்கள். கல்லாறு நிலையத்தில் நின்றதும் தண்டவாளத்துக்கு நடுவில் பார்க்கச் சொல்லுங்கள், பல் வைத்த இரும்புப் பட்டை ஓடும். அங்கிருந்து குன்னூர் வரை இஞ்சினின் பல்சக்கரம் அதைக் கவ்விக்கொண்டுதான் ஏறும். இஞ்சின் முன்னால் இருக்காது, பின்னால் நின்று தள்ளும். அதனால் ஓட்டுநருக்கு எதிரே என்ன வருகிறது என்று தெரியாது. ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு பிரேக்காரர் இருப்பார், முன்னால் இருப்பவர் காட்டும் கொடியைப் பார்த்து அடுத்தவர் காட்டுவார், அது அப்படியே பின்னால் இஞ்சினுக்குப் போகும். இதைத் தெரிந்துகொண்டு ஏறும் பிள்ளைக்கு 5 மணி நேரம் போதாது.

டிக்கெட் விஷயம். முன்பதிவு இப்போது 60 நாளுக்கு முன்தான் (2024 அக்டோபர் வரை 120 நாளாக இருந்தது). பயண நாளைச் சேர்க்காமல் எண்ணுங்கள். இரவு ரயில் ஒரு தேதி, மலை ரயில் மறுநாள் தேதி, ஆகவே டிக்கெட் போட இரண்டு நாள் காலை 8 மணிக்கு உட்கார வேண்டும். மலை ரயிலில் இருக்கை குறைவு, தாமதித்தால் காத்திருப்புப் பட்டியல்தான். 5 வயது நிறையாத பெண்ணுக்குத் தனிப் படுக்கை கேட்காவிட்டால் டிக்கெட் வேண்டாம். 9 வயதுக்குப் படுக்கை கேட்டால் முழுக் கட்டணம்.

உங்கள் மாமியாருக்குக் கீழ்ப் படுக்கை வேண்டும் என்றால் அவர் டிக்கெட்டை மட்டும் தனியாக, மூத்தோர் ஒதுக்கீட்டில் போடுங்கள். ஐந்து பேரோடு சேர்த்துப் போட்டால் அந்த ஒதுக்கீடு வேலை செய்யாது. வேறு பெட்டி விழுந்தாலும் கேட்டால் யாராவது மாற்றிக்கொள்வார்கள்.

மூணுபேர்_அப்பா | பிப்ரவரி 27, காலை 9.48

நான் கொஞ்சம் மாத்திச் சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க சிஸ்டர். எனக்கு மூணு பிள்ளைங்க. கடையை வருஷத்துல நாலு நாள்தான் பூட்ட முடியும். அந்த நாலுல ஒரு நாள் முழுக்க ரயில்ல உக்கார்ந்தே போச்சுன்னா எனக்கு மனசு ஆறாது. பெட்டிக்குள்ள கழிப்பறையும் கிடையாது. 4 வயசுப் பிள்ளையையும் 68 வயசு அம்மாவையும் வெச்சுக்கிட்டு 5 மணி நேரம் எப்படி?

குன்னூர் வரைக்கும் கார்ல போயிட்டு, குன்னூர்-ஊட்டி மட்டும் ரயில்ல போங்க. ஒரு மணி நேரத்துக்குச் சொச்சம்தான். வெலிங்டன், அரவங்காடு, கேத்தி, லவ்டேல் எல்லாம் அந்தத் துண்டுலயே வந்துரும். அது டீசல் இஞ்சின், ஆனா பிள்ளைங்களுக்கு ரயில் ரயில்தான்.

இடமும் ரொம்பக் குறைக்காதீங்க. திரும்ப எப்போ போவோம்னு யாருக்குத் தெரியும்? நாங்க விடிகாலை 5 மணிக்கே கிளம்பிருவோம், பிள்ளைங்க வண்டியில தூங்கிட்டு வரும். 11 மணிக்குள்ள ரெண்டு இடம் கூட்டம் இல்லாம முடிஞ்சிரும். மலை ஏறும்போது மட்டும் கையில போனைக் கொடுத்துருவோம், சத்தமே இருக்காது.

வார்டு7_செவிலி | பிப்ரவரி 27, பகல் 2.30

குழந்தைகள் வார்டில் வேலை. மூணுபேர்_அப்பா அண்ணா, விடிகாலையில கிளம்புறது ரொம்ப நல்ல யோசனை. போன் மட்டும் வேண்டாம். வளைவுல காதுக்குள்ள இருக்கிற சமநிலை உறுப்பு 'நாம அசையுறோம்'னு சொல்லுது, திரையைப் பார்த்துக்கிட்டிருக்கிற கண்ணு 'அசையலை'ன்னு சொல்லுது. இந்த முரண்தான் குமட்டல். அதே பிள்ளை முன்கண்ணாடி வழியா தூரத்து மலையைப் பார்த்துட்டு வந்தா பாதி சரியாயிடும். நடு வரிசையில, ரெண்டு சீட்டுக்கு நடுவுல ரோடு தெரியுற மாதிரி உக்கார வைங்க. முன்சீட்டுல மடியில வெச்சுக்கிறது கூடவே கூடாது.

வெறும் வயிறும் ஆகாது, நிறைஞ்ச வயிறும் ஆகாது. ஏறுறதுக்கு ஒன்றரை மணி நேரம் முன்னாடி ரெண்டு இட்லி போதும். பால், பூரி, சாக்லேட் எல்லாம் இறங்கினதுக்கு அப்புறம். ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வைங்க. வாந்தி எடுத்த உடனே ஒரு டம்ளர் தண்ணியை மொத்தமாக் குடிக்கக் கொடுக்காதீங்க, அதுவும் வெளிய வந்துரும். பத்து நிமிஷம் விட்டு ஓஆர்எஸ் கரைசலை ஸ்பூன் ஸ்பூனாக் கொடுங்க.

மருந்து வேணும்னா உங்க குழந்தை டாக்டர்கிட்ட எடை சொல்லி எழுதி வாங்கிக்குங்க. கடையில கேட்டு வாங்காதீங்க, பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் கொடுத்த அளவையும் கொடுக்காதீங்க. அந்த மருந்துல சில பிள்ளைங்க தூங்காம நேர்மாறா துள்ள ஆரம்பிக்கும், அதனால முன்னாடியே வீட்டுல ஒரு தடவை கொடுத்துப் பார்க்கலாமான்னு டாக்டர்கிட்டயே கேட்டுக்குங்க.

இன்னொண்ணு, கைப்பை. ஒரு செட் டிரஸ், ஈரத்துண்டு, நாலு கனமான கவர், இதெல்லாம் காலுக்குக் கீழ இருக்கணும். டிக்கியில இருந்தா இல்லாத மாதிரிதான். கூட்டத்துல போகும்போது பொண்ணு முன்கையில உங்க போன் நம்பரைப் பேனாவுல எழுதிடுங்க. பிள்ளை தொலைஞ்சா 1098, ரயில்லன்னா 139.

ஊட்டிமருமகள் | பிப்ரவரி 27, மாலை 5.11

பதினாலு வருஷமா இங்கதான் இருக்கேன். லீவுல நாத்தனார் பிள்ளைங்க எல்லாம் எங்க வீட்டுக்குத்தான் வரும். அந்த அனுபவத்துல சொல்றேன்.

தாவரவியல் பூங்காவை 'ஒரு பாயின்ட்'டா நினைக்காதீங்க, ஒரு நாளா நினைங்க. 22 ஹெக்டேர். 1848 வாக்குல போட ஆரம்பிச்ச தோட்டம். உள்ள கல்லாகிப் போன ஒரு மரம் கிடக்கு, 2 கோடி வருஷம் பழசுன்னு பலகையில எழுதியிருக்கும். பையன் அதுகிட்ட நிப்பான். ஆனா பொண்ணுக்கு அந்தப் புல்வெளிதான். கீழ்ப்பக்கம் சமமா இருக்கும், மாமியார் அங்கேயே உக்காரலாம். மேல தோடர் மந்து (தோடர் பழங்குடிகளோட குடியிருப்பு) பக்கம் போற வழி ஏத்தம், அவங்களை அதுக்கு இழுக்காதீங்க. காலையில திறந்ததும் உள்ள போயிடுங்க. பத்தரைக்கு மேலதான் டூரிஸ்ட் பஸ் கூட்டம் வரும், அந்நேரம் நீங்க நல்ல மரத்தடியைப் பிடிச்சிருப்பீங்க.

மே மாசம் மதியம் ரெண்டு மூணு மணிக்கு மேல பல நாள் மழை கொட்டும். அதனால எந்த நாளையும் மதியத்தோட முடிச்சிக்குங்க. ரூமுக்கு வந்து பிள்ளைங்க தூங்கட்டும், மாமியாருக்கும் கால் நீட்டணும். சாயங்காலம் மழை விட்டா பக்கத்துல ஒரு நடை, சூடா வர்க்கி பிஸ்கட்டும் டீயும்.

ரூம் போடும்போது மூணே கேள்வி: எத்தனை படி ஏறணும், சுடுதண்ணி எந்நேரமும் வருமா, வண்டி வாசல் வரைக்கும் வருமா. இங்க எல்லாமே சரிவு. ரோட்டுலேர்ந்து நாப்பது படி கீழ இறங்குற லாட்ஜ் நிறைய இருக்கு, போட்டோவுல அது தெரியாது. வெயில் காலம்னு மெல்லிசு சட்டையா எடுத்துட்டு வராதீங்க, ராத்திரி நல்லாவே குளிரும். பிளாஸ்டிக் தண்ணி பாட்டில் இங்க தடை, எவர்சில்வர் பாட்டில் கொண்டாங்க.

நெல்லைத்தாத்தா | பிப்ரவரி 27, இரவு 8.40

தாயி, எனக்கு 71. மகன் குடும்பத்தோட நாலஞ்சு தடவை இப்படிப் போயிருக்கேன். யாரும் சொல்லாத ஒண்ணைச் சொல்லுதேன், மனசுல வையி.

பெரியவங்களைக் கூட்டிட்டுப் போறது பிள்ளைக்குக் காவல் வைக்கதுக்கு இல்ல. "நீங்க இங்கன உக்காந்திருங்க, நாங்க போட்ல போயிட்டு வாறோம், சின்னவளைப் பாத்துக்கிடுங்க"ன்னு ஏரிக்கரையில எங்க ரெண்டு பேரையும் ரெண்டு மணி நேரம் விட்டுட்டுப் போனாங்க. பிள்ளை அழுதுட்டு ஓடுது, எனக்கு ஓடிப் பிடிக்கக் காலு இல்ல. என் வீட்டுக்காரி அன்னைக்கு ராத்திரி ஒரு வார்த்தை பேசல. அவளுக்கும் போட்ல ஏறணும்னு ஆசை இருந்துச்சி, யாரும் கேக்கல. இப்ப அவ இல்ல.

உன் மாமியாருகிட்ட முதல்ல கேளு, அவங்களுக்கு எதைப் பாக்கணும்னு. மடக்கு ஸ்டூல் ஒண்ணு வாங்கி வண்டியில போடு. இட்லிக்கு ரெண்டு பக்கமும் நல்லெண்ணெயில குழைச்ச மிளகாய்ப்பொடி தடவி வாழையிலையில கட்டு, சாயங்காலம் வரைக்கும் மெத்துன்னு இருக்கும். சின்னவளுக்குப் பொடி இல்லாம நெய்யி. தயிர்ச்சோறுன்னா சூட்டோட பாலை ஊத்திப் பிசைஞ்சு ஒரு கரண்டி மோரு விடு, மத்தியானம் பதமா இருக்கும்.

மூணுபேர்_அப்பா | பிப்ரவரி 27, இரவு 9.05

ஐயா, படிச்சிட்டு ரொம்ப நேரம் சும்மா இருந்தேன். எங்க அம்மாகிட்ட நானும் இதுவரைக்கும் கேட்டதில்ல. நாளைக்கு கேக்குறேன்.

சிஸ்டர், இடம் குறைவாப் போடச் சொல்றதை நான் ஏத்துக்கிறேன். ஆனா தொட்டபெட்டா மட்டும் விட்டுடாதீங்க. 2637 மீட்டர், தமிழ்நாட்டுல பையன் நிக்கப் போற உசரமான இடம். வார நாள்ல, காலையில முதல் ஆளாப் போங்க.

தாம்பரம்_அம்மா | பிப்ரவரி 28, இரவு 10.50

ஒவ்வொருத்தருக்கும் எப்படி நன்றி சொல்றதுன்னு தெரியலை. தாத்தா, இன்னிக்கு மாமியார்கிட்ட கேட்டேன். முதல்ல "எனக்கென்னம்மா, நீங்க எங்க போனாலும் சரி"ன்னாங்க. அடுப்படியில ரெண்டாவது தடவை கேட்டதும், "அந்தப் பல் வெச்ச ரயில் இன்னும் ஓடுதா? உங்க மாமா கூட்டிட்டுப் போறேன்னு சொல்லிட்டே இருந்தார்"னாங்க. கல்யாணம் ஆகி பதினொரு வருஷம், இந்தப் பேச்சே வந்ததில்ல.

அதனால முழு ரயில்தான். கழிப்பறை பயம் எனக்கும் இருக்கு, தண்டவாளம் ஐயா அதுக்கு வழி சொல்லணும். திட்டம் இப்படி: செவ்வாய் ராத்திரி கிளம்பி புதன் ரயில்ல ஊட்டி, அன்னிக்கு வேற எதுவும் இல்ல. வியாழன் பூங்கா மட்டும். வெள்ளி காலைல தொட்டபெட்டா, அப்புறம் பையனும் பொண்ணும் சேர்ந்து ஒண்ணு தேர்ந்தெடுப்பாங்க. சனி கோத்தகிரி வழியா இறங்கி, ராத்திரி ரயில்.

தண்டவாளம் | மார்ச் 1, காலை 6.05

மேட்டுப்பாளையத்தில் இறங்கியதும் எல்லாரையும் போய்வரச் சொல்லுங்கள், 7.10 வரை நேரம் இருக்கிறது. ஹில்குரோவில் இஞ்சினுக்குத் தண்ணீர் பிடிக்க நிற்கும், டீ, வடை கிடைக்கும், குரங்கும் உண்டு, பிள்ளை கையில் தின்பண்டம் வேண்டாம். குன்னூரில் நீராவி இஞ்சினைக் கழற்றி டீசல் மாட்டுவார்கள், அங்கே அம்மா நிதானமாக இறங்கி ஏறலாம். நடுவில் அவரை அளவாகத் தண்ணீர் குடிக்கச் சொல்லுங்கள், குடிக்காமலே இருக்க விடாதீர்கள்.

தாம்பரம்_அம்மா | மே 12, இரவு 9.30

போய்ட்டு வந்துட்டோம்! ரெண்டு நாள் காலை 8 மணிக்கு நானும் அவரும் ஆளுக்கொரு போனோட உக்கார்ந்து டிக்கெட் எடுத்தோம். அத்தை டிக்கெட் தனியாப் போட்டதுல கீழ்ப் படுக்கை கிடைச்சது, வேற பெட்டிதான். ஒரு காலேஜ் பையன் கேட்ட உடனே எங்க பக்கத்துக்கு மாத்திக் கொடுத்தார்.

மலை ரயில்ல பொண்ணு கல்லாறு தாண்டினதும் தூங்கிட்டா, ஒரு மணி நேரத்துக்கு மேல. வாந்தி இல்ல. பையன் கண்ணு முழுக்க அந்தப் பிரேக்காரர் மேலதான். சுரங்கம் வந்தா எல்லாப் பிள்ளைங்களும் கத்துது, இவன் மட்டும் கொடி என்ன நிறம்னு பார்த்துச் சொல்லிட்டே வர்றான். அத்தை ஜன்னல் ஓரம். முந்தானையைத் தலையில போட்டுக்கிட்டு, குன்னூர் வரைக்கும் வெளிய பார்த்தபடியே இருந்தாங்க. நடுவுல ஒரு தடவை என் கையைப் பிடிச்சாங்க, நான் எதுவும் கேக்கலை.

எல்லாம் நல்லபடியா நடக்கலை, அதையும் சொல்லணும். போன்ல "பத்துப் படிதான்"னு சொன்ன விடுதியில நேர்ல இருபத்தெட்டு படி இருந்தது. சண்டை போட்டு, ரோட்டு மட்டத்துல இருந்த சின்ன ரூமுக்கு மாறினோம், ஒரு மணி நேரம் போச்சு. ஊட்டிமருமகள், உங்க கேள்வியோட 'படியைப் போட்டோ எடுத்து அனுப்புங்க'ன்னும் சேர்த்துக்கணும். கோத்தகிரி இறக்கத்துல பொண்ணு ஒரு தடவை வாந்தி எடுத்தா. கவர், துண்டு, டிரஸ் எல்லாம் காலடியில இருந்ததால அஞ்சு நிமிஷத்துல திரும்பக் கிளம்பிட்டோம். போன வருஷம் இதுக்கே அரை மணி நேரமும் எல்லாரோட கோபமும் செலவாச்சு.

வியாழக்கிழமை முழுக்கப் பூங்கா. பொண்ணு புல்சரிவுல உருண்டு உருண்டு விளையாடினதை எண்ணினோம், நாப்பத்தொண்ணு வரைக்கும் எண்ணி விட்டுட்டோம். மடக்கு ஸ்டூல்ல உக்கார்ந்து அத்தை இட்லிப் பொட்டலம் பிரிச்சாங்க. பக்கத்துல ஒரு கேரளாக் குடும்பம், அவங்க நேந்திரம் சிப்ஸ் கொடுத்தாங்க, நாங்க பொடி இட்லி கொடுத்தோம். ரெண்டரைக்கு மழை, சொல்லி வெச்ச மாதிரி.

தொட்டபெட்டாவுல மூடுபனி, பத்தடி தள்ளி எதுவும் தெரியலை. அவர் ஏமாந்துட்டார். பிள்ளைங்களுக்கு அந்தப் பனிக்குள்ள ஓடுறதே போதுமா இருந்தது. அப்புறம் அவங்க ரெண்டு பேரும் தேர்ந்தெடுத்தது என்ன தெரியுமா? திரும்பவும் அதே பூங்கா.

மூணுபேர்_அப்பா | மே 12, இரவு 10.02

மனசு நிறைஞ்சது சிஸ்டர். எங்க அம்மா கேட்டது ராமேஸ்வரம். அக்கா வீடு அதுக்குப் பக்கத்து ஊரான மண்டபத்துல இருக்கு, எங்களோட ஒரு தடவைகூட அங்க தங்கினதில்லையாம். ஆடி அமாவாசைக் கூட்டம் இல்லாத நாளாப் பார்த்துப் போறோம், ரெண்டு நாள் அக்கா வீட்டுலயே. அந்த ஸ்டூல் எங்க வாங்குனீங்க? அம்மா கொஞ்சம் கனமானவங்க.

நெல்லைத்தாத்தா | மே 13, காலை 5.50

அவங்க கையைப் பிடிச்சதைச் சொன்னியே தாயி, நல்லாருப்ப. பையன் இந்த வருசம் என்ன வரைஞ்சான்?

தாம்பரம்_அம்மா | மே 13, காலை 7.15

ஸ்கூல் ஜூன்லதான் தாத்தா, இன்னும் வரையலை. ஆனா நேத்து சாயங்காலம் சோபாவோட கைப்பிடியில ஏறி உக்கார்ந்து பச்சைத் துண்டை ஆட்டிக்கிட்டிருந்தான். பின்னால அத்தை, அவங்களுக்குப் பின்னால பொண்ணு. "பாட்டி, நான் காட்டினதும் நீங்க காட்டணும், அப்பதான் இஞ்சினுக்குத் தெரியும்"னு திட்டுறான். அத்தை கையில என் சிவப்பு ரவிக்கைத் துணி.

மூணுபேர்_அப்பா அண்ணா, ஸ்டூல் தாம்பரம் மார்க்கெட் பக்கம் ஒரு கடையில வாங்கினது. அலுமினியக் கால் வேண்டாம், புல்தரையில ஒரு பக்கமா அழுந்துது. இரும்புக் கால், அடியில ரப்பர் போட்டதா பாருங்க. அம்மாவையே கடைக்குக் கூட்டிட்டுப் போய் உக்கார வெச்சுப் பார்த்து வாங்குங்க.